நிலக்கொடைக் கல்வியும் உழவர் பல்கலைக்கழகமும்

கல்விச்சாலைக்கு நிலம் ஈதல் நம் தமிழ்நாட்டிற்குப் புதியதோர் வழக்கமன்று. புதுச்சேரிக்கு அணித்தாகிய பாகூரில் விளங்கிய வித்தியாஸ்தானத்திற்கு, ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் என்னும் பல்லவ மன்னன் காலத்தே மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டமையைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. இற்றைக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன், முதல் இராசேந்திர சோழன் காலத்தில், இக்காலத்து விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள எண்ணாயிரம் என்னும் ஊரில் ஒரு பெரிய கல்லூரி நடைபெற்றது. ஆங்கு இளமாணாக்கர் 270 பேரும் முதுமாணாக்கர் 70 பேரும் பயின்றனர். அவர்கட்கு ஆசிரியர் 14 பேர். இவரெல்லார்க்கும் உணவும் ஊதியமும் குறைவின்றி நடத்தற்பொருட்டு 45 வேலி நிலம் விடப்பட்டதெனக் கல்வெட்டால் அறிகின்றோம்.

இக்கொடைகள் நம் முன்னோர் கல்வியின்மாட்டு வைத்த மதிப்பைக் காட்டுவன. அதனை மறுப்பார் யாருமிலர். ஆயினும் ஈண்டு ஒன்று எண்ணிப் பார்த்தற்குரியது. எண்ணாயிரத்துக் கல்லூரியில் ஓதப்பட்டவை வேதமும், வியாகரணமும், மீமாம்சையும், வேதாந்தமும் ஆம். ஓதினோர் வேதியர். அந்த 45 வேலியையும் உழுது, நீர் பாய்ச்சி, களை பறித்து, நெல் அளந்து கொடுத்தவனோ உழவன். அவன்றன் தொழில் அக்கல்லூரியிற் பாடமாக வைக்கப்படவில்லை. நிலத்தினால் கல்வி வாழ்ந்தது. கல்வியினால் நிலம் பெற்றது யாதென வினவின், விடை கூறுதல் அரிது.

நிலத்தினால் வாழும் கல்வி அந்நிலத்தை உழுவானுக்குக் கடன்பட்டதன்றோ என்னும் வினாவிற்குக் ‘கடன்பட்டதே’ என விடை கூறி எழுந்த கல்வி நிலையங்களே ‘நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள்’ எனப்படுவன. அவற்றின் வரலாற்றையும், அம்முறை நம் நாட்டிற்கு வந்த வழியையும், கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியையும், அதனால் ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்தும் வாழும் உழவராகிய நாம் பெற்றதும் பெறவேண்டியதும் யாவை என்பதையும் இக்கட்டுரையில் ஒருவாறு கூறுவாம்.

அமெரிக்க நாட்டுச் சட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் உயர்கல்வி என்பது பெரும்பாலும் சமய குருமார், வழக்கறிஞர், மருத்துவர் ஆகியோர்க்கே உரியதாக இருந்தது. அந்நாட்டு வெர்மாண்டு மாநிலத்தினராகிய ஜஸ்டின் மாரில் என்பார் கொல்லர் ஒருவரின் மைந்தர். பொருளின்மையாற் கல்லூரியிற் பயிலாதவர். இவர் பேரவை உறுப்பினரானபின், உழவர் மக்களும் தொழிலாளர் மக்களும் உயர்கல்வி பெறுதல் வேண்டுமெனக் கருதி ஒரு சட்டவரைவு கொணர்ந்தார். அது 1859ஆம் ஆண்டு பேரவையில் நிறைவேறியும், அப்பொழுது குடியரசுத் தலைவராயிருந்த புக்கானன் அதற்கு இசையாது மறுத்துவிட்டார். மாரில் சோர்ந்தாரல்லர். உள்நாட்டுப் போர் மூண்டு நாடே இரண்டுபட்டுக் கிடந்த காலத்தில், 1862ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள், ஆபிரகாம் லிங்கன் அச்சட்டத்திற் கையொப்பமிட்டார்.

அச்சட்டத்தின் முறை எளியது. ஒவ்வொரு மாநிலமும் பேரவையின் ஈரவைகட்கும் அனுப்பும் உறுப்பினர் எத்துணையரோ, அத்துணை முப்பதினாயிரம் ஏக்கர் அரசு நிலம் அம்மாநிலத்திற்குக் கொடுக்கப்படும். நியூயார்க்கு மாநிலத்திற்கு அக்காலத்தில் 33 உறுப்பினர் இருந்தமையால் ஏறத்தாழ 9,90,000 ஏக்கர் கிடைத்தது. நிலத்தை விற்று வந்த பொருளை முதலாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு கல்லூரி நடத்தல் வேண்டும். அக்கல்லூரியில் வேளாண்மையும் பொறித்தொழிலும் தலைமைப் பாடங்களாதல் வேண்டும்; பிற அறிவியல்களும் பழைய இலக்கியங்களும் விலக்கப்படலாகா. உழவனுக்கு உழவு மட்டும் போதும் என்னும் எண்ணம் அச்சட்டத்தில் இல்லை என்பதை நம்மவர் குறித்துக்கொள்க. ஏரும் ஏடும் ஒருங்கே பயிலப்படல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

மூன்று கடமைகள்

கல்லூரிகள் எழுந்தன, ஆயினும் கற்பித்தற்குரிய புதுப்பொருள் போதவில்லை. மண்ணும் விதையும் உரமும் நோயும் ஆகிய இவற்றைப்பற்றி ஆய்ந்து தெளிந்த அறிவு அக்காலத்திற் குறைவாயிருந்தது. ஆகலின் 1887ஆம் ஆண்டு ஹேச் சட்டம் என்பது பிறந்தது. அதன்படி இக்கல்லூரிகளைச் சார்ந்து ஆராய்ச்சி நிலையங்கள் நிறுவப்பட்டன. பின்னரும் ஒரு குறை நின்றது. ஆராய்ச்சி ஏட்டில் உறங்க, உழவன் தன் வயலில் பழையபடியே வருந்தினான். அக்குறை நீங்க 1914ஆம் ஆண்டு ஸ்மித் – லீவர் சட்டம் எழுந்தது. கண்டறிந்ததைக் கல்லூரியார் தாமே உழவன்பாற் கொண்டு செல்லுதல் வேண்டும் என்று அது விதித்தது. இதனை ‘விரிவாக்கப் பணி’ என்பர். இவ்வாறு கற்பித்தல், ஆராய்தல், கொண்டு சேர்த்தல் என மூன்று கடமைகளும் ஒருங்கமைந்தமையே நிலக்கொடைப் பல்கலைக்கழகத்தின் தனித்தன்மையாம். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் அது முக்காலி ஒரு கால் ஒடிந்தாற்போலும்.

இம்மூன்றாம் கடமையின் பெருமைக்குச் சான்றாக ஒருவரைக் கூறலாம். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பார் அடிமைக் குடியிற் பிறந்த கறுப்பினத்தவர். அவர் நிலக்கொடைக் கல்லூரியாகிய அயோவாவிற் பயின்று 1896ஆம் ஆண்டு முதுநிலைப் பட்டம் பெற்றார். பெரும்பதவி நாடாது, தம் இனத்தவர் கல்வி பயிலும் டஸ்கிகி என்னுமிடத்திற்கு ஆசிரியராகச் சென்றார். பருத்தி ஒன்றையே பயிரிட்டு மண் வளமிழந்த ஏழை உழவர்க்கு நிலக்கடலை, காராமணி முதலியவற்றை மாற்றிப் பயிரிடுமாறு அறிவுறுத்தினார். பள்ளிக்கு வர இயலாத உழவரிடம் பள்ளியே செல்லுமாறு, 1906ஆம் ஆண்டில் குதிரை பூட்டிய வண்டியொன்றில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி ஊரூராக அனுப்பும் முறை அவர் முயற்சியால் தொடங்கிற்று. கற்றான் ஒருவன் தன்னைச் சேர்ந்தார்க்குப் பயன்படுமாறு இதுவன்றோ!

அந்நிலம் எவருடையது?

வரலாறு எழுதப் புகுந்தார் நன்மையை மட்டும் கூறி அல்லாததை மறைத்தல் முறையன்று. அமெரிக்க அரசு கொடையாக ஈந்த நிலம், அதற்கு முன் பாழாய்க் கிடந்த நிலமன்று. அது தொல்குடிகள் வேட்டையாடியும் பயிரிட்டும் வழிவழி வாழ்ந்த நிலம். உடன்படிக்கை என்னும் பெயராலும், படைவலியாலும், சிறு விலை கொடுத்தும், கொடாதும் அது பறிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, அந்நிலங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கணக்கிட்டு, ஏறத்தாழ 250 தொல்குடிகட்கு உரியவாயிருந்த 1 கோடியே 7 இலட்சம் ஏக்கர் இவ்வாறு கல்லூரிகட்குப் போந்தமையை எடுத்துக் காட்டிற்று. கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் நிற்க, இழந்தவர் பெயர் எங்கும் காணப்படவில்லை. கறுப்பினத்தவர்க்கு இடமளியாத மாநிலங்கள் அவர்க்கெனத் தனிக் கல்லூரி அமைத்தல் வேண்டுமென்னும் விதி 1890ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. தொல்குடிகளின் கல்லூரிகள் நிலக்கொடை நிலை பெற்றதோ 1994ஆம் ஆண்டில்தான். நிலம் இழந்தார் அந்நிலத்தால் எழுந்த கல்வியிற் பங்குபெற 132 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

மலையில் வாழும் நாம் இதனைப் படிக்குங்கால் உள்ளம் கசிதல் இயல்பே. ஆயின் கசிதலோடு அமையாமல், கடன் என்பது கேட்டாலன்றித் திரும்புவதில்லை என்னும் உண்மையையும் இவ்வரலாற்றால் அறிந்துகொள்ளல் வேண்டும்.

இந்திய நாட்டிற்கு வந்தமை

நம் நாடு விடுதலை பெற்றபின், 1948ஆம் ஆண்டில் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழு, நாட்டுப்புறங்கட்கென்றே பல்கலைக்கழகங்கள் வேண்டுமென எடுத்துரைத்தது. பின்னர் இந்திய அறிஞரும் அமெரிக்க அறிஞரும் கூடிய குழுக்கள் 1955, 1960 ஆகிய ஆண்டுகளையொட்டி ஆராய்ந்து, நிலக்கொடைப் பல்கலைக்கழக முறையை இந்நாட்டிலும் மேற்கொள்ளலாமென்றன. அதன் பயனாக இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில், பந்த்நகர் என்னுமிடத்தில், நாட்டின் முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. 1960ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அதனைத் திறந்து வைத்தார். அமெரிக்க நாட்டு இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தார் அதற்கு வழிகாட்டினர். பல்லாயிரம் ஏக்கர்ப் பண்ணை அதற்கு உரியதாக விடப்பட்டது. அமெரிக்காவில் நிலத்தை விற்றுக் கல்லூரி கட்டினர். இங்கோ நிலத்தையே பண்ணையாக வைத்து, ஆண்டுதோறும் அரசு மானியமும் அளித்து நடத்தலாயினர். வேறுபாடு இதுவே, கடமை மூன்றும் ஒன்றே.

சைதாப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூர்

தமிழ்நாட்டு வேளாண்மைக் கல்வி அதற்கு நெடுங்காலம் முற்பட்டது. சென்னைச் சைதாப்பேட்டையில் 1868ஆம் ஆண்டு தோன்றிய வேளாண்மைப் பள்ளியையே தம் பல்கலைக்கழகத்திற்கு வித்தாக அப்பல்கலைக்கழகத்தார் கூறுவர். அது 1906ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. 1920ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டுவரை தென்னிந்தியா முழுமைக்கும் வேளாண்மை பயில்வார்க்கு உற்ற கல்லூரி இஃதொன்றே. மதுரையில் மற்றொரு கல்லூரி 1965ஆம் ஆண்டு எழுந்தது. இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து 1971ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் வாழவச்சனூரில் 2014ஆம் ஆண்டு தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியும் இப்பல்கலைக்கழகத்தின் கிளையேயாம்.

கோயம்புத்தூர் மண்ணில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளுள் ஒன்றை நம்மவர் சிறப்பாக அறிதல் வேண்டும். 1912ஆம் ஆண்டில், வேளாண்மைக் கல்லூரிக்கு அணித்தாகக் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. வடநாட்டிற் பயிரான கரும்பு மெலிந்தது, விளைவு குறைந்தது. தென்னாட்டு நற்கரும்போ அங்குள்ள பனியையும் வறட்சியையும் தாங்கமாட்டாது. பார்பர் என்னும் அறிஞரும், அவர்க்குத் துணையாயிருந்து பின் தலைமை ஏற்ற டி. எஸ். வெங்கட்ராமன் என்பாரும், ஒருவரும் மதியாது ஆற்றோரத்தும் கரம்பிலும் தானே முளைத்துக் கிடந்த நாணலினத்துக் காட்டுக்கரும்பை நற்கரும்போடு கலந்து ஒரு புதிய இனத்தை உண்டாக்கினர். 1918ஆம் ஆண்டில் வெளிவந்த அதற்குக் ‘கோ 205’ என்று பெயர். பஞ்சாபு முதலிய நாடுகளில் அது பரவிற்று. அதன் வழிவந்த இனங்கள் நாட்டின் சர்க்கரைத் தொழிலையே நிலைநிறுத்தின. நற்கரும்பிற்கு வலிமை தந்தது காட்டுப் புல் என்பதை நோக்குக. மேட்டிலும் காட்டிலும் கிடக்கும் எளிய விதையொன்றில் நாட்டின் உணவு அடங்கியிருத்தல் கூடும்.

மூன்றாம் கடமையாகிய விரிவாக்கத்திலும் இப்பல்கலைக்கழகம் முன்னின்றது. உழவர்க்குச் செயல்முறையாற் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையம் என்பது இந்தியாவிலேயே முதன்முதல் 1974ஆம் ஆண்டு புதுச்சேரியில் இதன் பொறுப்பிலேயே தொடங்கப்பட்டது. பாகூர் வித்தியாஸ்தானம் விளங்கிய அப்புதுச்சேரிப் பகுதியிலேயே, உழவனுக்கென ஒரு வித்தியாஸ்தானம் ஏறத்தாழ 1100 ஆண்டுகள் கழித்துத் தோன்றியமை நினைக்கத்தக்கது.

நம் மலையும் சாமையும்

இனி நம் மலைக்கு வருவாம். ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த ஊர்களில் சரிவு நிலங்களில் மழையை நம்பி விளைவன சாமையும், கேழ்வரகும், கொள்ளும், பேயெள்ளும் ஆகும். இவற்றுட் சாமை நம் மலைக்கு உயிர் போன்றது. குறைந்த மண்ணிலும் குறைந்த மழையிலும் வளர்வது. நெடுநாள் வைப்பினும் எளிதிற் கெடாதது. எனினும், நெல்லிற்கும் கரும்பிற்கும் பருத்திக்கும் ஆராய்ச்சியாளர் காட்டிய கவனம் மலைப்பயிர்கட்கு நெடுங்காலம் கிடைத்திலது. பசுமைப் புரட்சியால் நாட்டின் பசி தணிந்தது உண்மை. அரிசி எங்கும் மலிந்தபின் சாமைக் கொல்லை சுருங்கியமையும் நம் முதியோர் கண்ட உண்மையே. சாமையை உரலிற் குற்றி உமி நீக்கும் உழைப்பு முழுவதும் பெண்டிர் தோள்மேல் விழுந்தது. அவ்வுழைப்பிற்கு அஞ்சியே பல இல்லங்களிற் சாமைச்சோறு விழாநாள் உணவாயிற்று.

இந்நிலை இப்பொழுது மாறி வருகின்றது. இந்திய அரசு 2018ஆம் ஆண்டையும், ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டையும் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடின. திருவண்ணாமலைக்கு அணித்தாகிய அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிறுதானிய மகத்துவ மையம் ஒன்றை நடத்துகின்றது. கிருட்டிணகிரி மாவட்டத்துப் பையூர் நிலையத்திலிருந்து ‘பையூர் 2’ என்னும் சாமை இனமும், அத்தியந்தலிலிருந்து ‘அத்தியந்தல் 1’ என்னும் சாமை இனமும் வெளிவந்துள்ளன. விண்மீன்களை ஆராய்வார் நம் மலைத்தொடரின் காவலூரை நாடி வந்து, 1986ஆம் ஆண்டு முதல் 93 அங்குலத் தொலைநோக்கியால் வானத்தை நோக்கி வருகின்றனர். வானத்தை ஆராய்வார்க்கு உகந்த மலை மண்ணை ஆராய்வார்க்கும் உகந்ததே.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. புதிய இனம் ஆராய்ச்சியாளர் கையில் ஒன்றுமில்லாததினின்றும் தோன்றுவதன்று. பல தலைமுறையாக உழவர், அவருள்ளும் சிறப்பாக உழத்தியர், கதிர்களுள் நல்லதைத் தேர்ந்து, புகையூட்டிய குதிரில் வைத்துக் காத்த நாட்டு விதைகளே அதற்கு முதல். அமெரிக்கத் தொல்குடிகள் நிலத்தைக் கொடுத்துப் பெயரை இழந்தனர். மலைவாழ் உழவர் விதையைக் கொடுத்துப் பெயரை இழத்தல் ஆகாது. இதற்கு நம் நாட்டிற் சட்டத் துணை உண்டு. 2001ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி, உழவர் தாம் வழிவழி காத்துவரும் இரகத்தைத் தம் பெயராற் பதிவு செய்துகொள்ளலாம். அதனைக் கொண்டு பிறர் புதிய இரகம் உண்டாக்கி வருவாய் பெறின், அதிற் பங்கு கேட்கவும் உரிமையுண்டு. தொல்விதையைக் காத்த சமூகங்கட்கு விருதும் வழங்கப்படுகின்றது. இச்சட்டத்தை அறிந்தவர் நம் ஊர்களில் எத்துணையர் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்க.

நாம் செய்யற்பாலன

மேற்கூறிய வரலாற்றினால் பெறப்படுவது ஒன்று. உழவர்க்கென எழுந்த பல்கலைக்கழகம் நமக்குச் செய்வது அருளன்று, கடன். கடன் கொடுத்தவன் வாயிலிற் சென்று கேளாது வாளாவிருப்பின், கடனாளி மறத்தல் உலக இயல்பு. ஆதலின் மூன்று கடமைகட்கும் ஈடாக நாம் மூன்று செய்தல் வேண்டும்.

ஒன்று: நம் மக்களை அக்கல்லூரிகட்கு அனுப்புதல். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பயின்றார்க்கு வேளாண்மைப் பட்டப்படிப்பில் 7.5 விழுக்காடு இடம் தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. பட்டியற் பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு இடவொதுக்கீடும் உண்டு. இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும் உளது. ஆகவே இடமில்லை என்பார் கூற்றுப் பொருந்தாது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியற் பாடத்தை விட்டு விலகாதிருக்குமாறு நம் சிறுவர்க்கும், சிறப்பாகச் சிறுமியர்க்கும், ஆசிரியரும் பெற்றோரும் ஊக்கமளித்தல் வேண்டும். உழவன் மகன் உழவை விட்டு ஓடுதற்கே படிக்கின்றான் என்னும் வசை நீங்க, உழவை உயர்த்துதற்குப் படிப்பார் சிலராவது நம்முள் தோன்றுக.

இரண்டு: நம் விதைகளைக் காத்தல். ஒவ்வோர் ஊரிலும் உள்ள சாமை, கேழ்வரகு, கொள்ளு முதலியவற்றின் நாட்டு இரகங்களைப் பெயரும், விளையும் காலமும், நிறமும், சுவையும் குறித்து ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். இப்பணி பள்ளி மாணாக்கராலேயே இயலுவது. பாட்டிமார் சொல்ல, பேரர் எழுதினால் போதும். அவ்வேடே பின்னர்ப் பதிவு செய்தற்குச் சான்றாகும்.

மூன்று: விரிவாக்கப் பணியாளரை நம் ஊர்க்கு வருவித்தல். நம் சங்கத்தார் ஆண்டிற்கு ஒருமுறையேனும் வேளாண்மை அலுவலரையும் அத்தியந்தல் ஆராய்ச்சியாளரையும் மலைமேல் அழைத்து, சாமை குத்தும் எந்திரம், விதைநேர்த்தி, மண் அரிப்பைத் தடுக்கும் வரப்பு என்பனபற்றி விளக்கச் செய்தல் வேண்டும். அவர்கள் சொல்வதை நாம் கேட்பதோடு, நாம் அறிந்ததை அவர்கள் கேட்குமாறும் செய்தல் வேண்டும். ஆராய்ச்சியாளர் அறிந்தது நூலறிவு; நாம் அறிந்தது நிலத்தறிவு. இரண்டும் கலந்தாலன்றிக் காட்டுக்கரும்பும் நற்கரும்பும் கலந்தாற்போன்ற நன்மை விளையாது.

எண்ணாயிரத்து உழவன் நெல் அளந்து கொடுத்துவிட்டுக் கல்லூரி வாயிலில் நின்றான். அவன் வழியினர்க்கு அவ்வாயில் இப்பொழுது திறந்திருக்கின்றது. திறந்த வாயிலுட் புகாமல் நிற்பது திறந்தவர் குற்றமன்று. நம் சங்கத்தார் இதனை மனங்கொண்டு, வரும் ஆண்டிலேயே விதையேடு எழுதும் பணியைத் தொடங்குவாராக. நிலமும் கல்வியும் ஒன்றையொன்று வாழ்விக்க!